நம்பர் இல்லாத ஒரு வேலை

கூரைப் பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். அண்ணை அதற்குப் பக்கத்தில், ஒரு கையில் வாளியும் மற்றக் கையில் தொலைபேசியுமாக நிற்பார். வாளியைக் கீழே வைக்க மாட்டார். வைத்தால் வேலை தொடங்கியதாகிவிடும்.

வடக்கே எங்கோ ஒரு நகரத்தில் இருக்கும் ஹெல்ப் டெஸ்க் பெண்ணுக்கு, வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போல ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொல்லுவார். கட்டடம் இது, மாடி இரண்டு, அறை இன்னது, கூரையில் ஒழுக்கு. அந்தப் பெண் அதற்கு ஒரு வேலை நம்பர் போட்டுக் கணினியில் பதிவாள். இந்த வேலைக்கு யாரை அனுப்புவது என்று கணினி யோசிக்கும். அரை நிமிடத்தில் அண்ணையின் சட்டைப் பையில் இருக்கும் கொம்பனிக் கருவி 'ணிங்' என்று சத்தம் போடும். அண்ணை அதை எடுத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வாசிப்பார்.

"ரெண்டாம் மாடியில ஒழுக்காம். போய்ப் பாப்பம்."

பிறகுதான் வாளியைக் கீழே வைப்பார். அதற்குள் கம்பளம் நனைந்திருக்கும். நனைந்த கம்பளத்துக்கு இன்னொரு நம்பர் எடுப்பார்.

இதை அவர் பகிடிக்குச் செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். அவரோடு பதின்மூன்று வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டுச் சொல்கிறேன், பகிடி இல்லை.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால், "ஆர் உம்மை எழுதச் சொன்னது, நம்பர் இருக்கோ?" என்று கேட்பார். அண்ணை என்றே எழுதுகிறேன். எனக்கும் எழுத்துக்கும் பெரிய பழக்கம் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்தது ஆணியும் திருகாணியும்தான்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து வேலை செய்தது ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்பது மாடி அரசாங்கக் கட்டடத்தில். கட்டடம் அரசாங்கத்துடையது. மேசைகளில் இருப்பவர்கள் அரசாங்க உத்தியோகத்தர்கள். ஆனால் கதவு, குழாய், யன்னல், கதிரை பழுதானால் திருத்துகிற நாங்கள் அரசாங்க ஆட்கள் இல்லை. ஒப்பந்தம் எடுத்த பெரிய கொம்பனியின் ஆட்கள். அந்தக் கொம்பனிக்கு நாடு முழுக்க வேலையாட்கள் இருந்தார்கள். எங்கள் கட்டடத்தில் திருத்த வேலைக்கு இருந்தது நானும் அண்ணையும் மட்டும்.

சில வருடங்களுக்கு ஒரு முறை ஒப்பந்தம் முடியும். வேறொரு பெரிய கொம்பனி அதை எடுக்கும். எடுக்கும்போது கட்டடத்தின் கதவுகளோடும் குழாய்களோடும் எங்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். காலையில் வருவோம், அதே லிஃப்ட், அதே தேத்தண்ணீர், சட்டையின் நிறம் மட்டும் மாறியிருக்கும். நான் சேர்ந்தபோது பச்சை. பிறகு நீலம். எனக்கு முதலே அண்ணை சாம்பலும் மண்ணிறமும் போட்டவர். கொம்பனி முதலாளி என்று ஒருவரை நாங்கள் பார்த்ததே இல்லை. பிறந்த நாளுக்கு மட்டும் கருவியில் ஒரு வாழ்த்து வரும், அதில் ஒரு கேக் படம் இருக்கும்.

ஒவ்வொரு கொம்பனியும் வரவேற்பறைச் சுவரில் தன்னுடைய கொள்கைகளைச் சட்டம் போட்டு மாட்டும். நீலச் சட்டைக்காரர்கள் வந்தபோது, புதிய சட்டத்தை மாட்டச் சொல்லி அண்ணைக்கு நம்பர் வந்தது. மாட்டினார். பழையதைக் கழற்றச் சொல்லி நம்பர் வரவில்லை. கழற்றவில்லை. வருகிற விருந்தாளிகள் இரண்டு கொம்பனிகளின் கொள்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார்.

பூச்சாடிகள் வேறு கொம்பனியின் ஒப்பந்தம். ஒருநாள் மூன்றாம் மாடியில் ஒரு செடி வாடித் தலை தொங்கிக்கொண்டிருந்தது. என் கையில் ஒரு போத்தல் தண்ணீர் இருந்தது. அண்ணை என் கையைப் பிடித்தார்.

"தம்பி, உது எங்கட செடி இல்லை."

"அண்ணை, சாகுது."

"சாகட்டும். செத்தாப் பிறகு கீழ விழுந்து, ஆரும் தடக்கி விழப் பார்த்தால், அது எங்கட. அப்ப வருவம்."

அவருக்கு ஹெல்ப் டெஸ்க்கின் பாஷை முழுக்கத் தெரியும். எந்தச் சொல்லுக்கு எவ்வளவு அவசரம் என்று அவர்களிடம் ஒரு பட்டியல் உண்டு. 'மணக்கிறது' என்றால் நான்கு நாளுக்குள் பார்க்கலாம். 'புகை மணம்' என்றால் பத்து நிமிடத்துக்குள் போக வேண்டும். 'ஈரம்' என்றால் நாளைக்கு. 'வழுக்கும்' என்றால் இப்போதே. அண்ணை தனக்குப் பிடித்த உத்தியோகத்தர்களுக்கு அந்தச் சொற்களைக் காதுக்குள் சொல்லிக்கொடுப்பார். பிடிக்காதவர்கள் ஈரத்தோடு இருப்பார்கள்.

கட்டடத்துக்கு வெளியிலும் ஆள் அப்படித்தான். ஈஸ்ட் ஹாமில் ஒரு கலியாணத்துக்கு இரண்டு குடும்பமும் போயிருந்தோம். தாலி கட்டுகிற நேரம் மணவறையின் ஒரு தூண் சரியத் தொடங்கியது. பொம்பிளையின் தகப்பன் ஓடிவந்து, ஒரு ஆணி அடிச்சு விடுங்கோ அண்ணை என்று கும்பிட்டார். மணவறை வாடகைக்கு எடுத்தது, வாடகைக்காரனைக் கேட்காமல் ஆணி அடிக்க ஏலாது என்று அண்ணை சொல்லிவிட்டார். ஆனால் போய்த் தூணைக் கையால் பிடித்துக்கொண்டார். ஒன்றரை மணித்தியாலம். ஐயர் எழும்பும் வரை பிடித்திருந்தார். இன்றைக்கும் அந்தக் கலியாண அல்பத்தைத் திறந்தால் எல்லாப் படத்திலும் மாப்பிள்ளை, பொம்பிளை, அண்ணை என்று மூன்று பேர் நிற்பார்கள்.

இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு ஆணி அடித்திருக்கலாமே என்று நான் வீடு திரும்பும்போது கேட்டேன்.

"பிடிக்கிறது வேலை இல்லைத் தம்பி. ஆணி அடிக்கிறதுதான் வேலை."

நிலக்கீழ் மாடியில் எங்களுக்கு ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு கேத்தல், இரண்டு கதிரை. அண்ணையின் கதிரைக்கு ஒரு கால் மற்றதுகளைவிடக் கட்டை. அவர் இந்தப் பக்கம் சாய்ந்தால் 'டொக்', அந்தப் பக்கம் சாய்ந்தால் 'டொக்'. தேத்தண்ணீர் ஒவ்வொரு நாளும் காற்சட்டையில் சிந்தும். இரண்டு நிமிட வேலை, நான் சரியாக்கி விடுகிறேன் என்று எத்தனையோ தரம் கேட்டிருப்பேன். விட மாட்டார். எங்கள் அறை ஒப்பந்தத்தில் இல்லை. ஒப்பந்தத்தில் இல்லாத அறைக்கு நம்பர் தர மாட்டார்கள். நம்பர் இல்லாமல் கை வைக்கக் கூடாது. கட்டடத்தில் இருந்த அத்தனை கதிரைகளையும் திருத்திய மனிதர் இவ்வளவு வருடமும் ஆடுகிற கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார்.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு தரம் சொன்னார். மண்ணிறச் சட்டைக் காலத்தில், ஒரு அதிகாரி வழியில் மறித்து, இந்தப் புத்தகத் தட்டைக் கழற்றி விடு என்று கேட்டிருக்கிறார். அண்ணை உடனே கழற்றிக் கொடுத்தார். அடுத்த கிழமை, அது கழற்றக் கூடாத தட்டு என்று பிரச்சினை வந்தது. யார் சொல்லிக் கழற்றினாய் என்று கேட்டார்கள். அண்ணை அந்த அதிகாரியைக் காட்டினார். அதிகாரிக்கு அப்படி ஒரு ஞாபகம் இல்லை. அண்ணையை மூன்று கிழமை வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

"நான் பொய் சொன்னனான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. எழுத்தில இல்லை எண்டுதான் சொன்னவை." சொல்லிவிட்டுக் கோப்பையை ஊதினார். "இஞ்ச அப்பிடித்தான் தம்பி. நீர் செய்தது எழுத்தில இருந்தால்தான் செய்தது. இல்லாட்டி நீர் சும்மா இருந்தனீர்."

நான் அதைக் காதால் கேட்டேனே தவிர, கேட்டு நடக்கவில்லை.

எனக்குக் கூச்சம் அதிகம். லிஃப்டில் யாரும் கதை கொடுத்தால் என்ன செய்வது என்று பயந்து படியில் ஏறுகிற ஆள் நான். தொலைபேசியில் ஆங்கிலம் பேசுவதென்றால் முதல் நாளே சாப்பாடு இறங்காது. அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். அண்ணைக்கு முழங்கால் வருத்தம் என்பதால் ஒன்றிலிருந்து நான்கு வரை அவருடைய மாடிகள், ஐந்திலிருந்து ஒன்பது வரை என்னுடையவை. காலை ஆறரைக்கு, உத்தியோகத்தர்கள் வருமுன், ஐந்து மாடியையும் ஒரு சுற்றுச் சுற்றுவேன். இழுபடுகிற கதவுக்கு எண்ணெய், தளர்ந்த கைப்பிடிக்கு ஒரு திருப்பு. எட்டாம் மாடிப் பணிப்பாளரின் கதிரை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கீழே இறங்கும். ஒவ்வொரு காலையும் அதை மேலே ஏற்றி விடுவேன். ஏழாம் மாடியில் ஒரு யன்னல், காற்றடித்தால் விசிலடிக்கும். பழைய கதவொன்றிலிருந்து வெட்டிய றப்பர் துண்டை அதன் இடுக்கில் செருகி வைத்திருந்தேன். ஆட்கள் வரும்போது எல்லாம் சரியாக இருக்கும். என்னோடு ஒருவரும் பேச வேண்டிய தேவை வராது. எனக்கும் அதுதான் வேண்டும்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் என் மாடிகளிலிருந்து ஒரு முறைப்பாடு போனதில்லை.

நீலச் சட்டை முடிந்து அடுத்த கொம்பனி வரப் போகிறது என்று தெரிந்தபோது, அந்தக் கொம்பனியிலிருந்து ஒரு இளம் பெண் எங்களைப் பார்க்க வந்தாள். நல்ல மரியாதையான பிள்ளை. தன் கையிலிருந்த திரையில் கட்டடத்தின் படத்தைக் காட்டினாள். பழுது வந்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. கீழ் நான்கு மாடியும் அம்மை போட்ட முகம் போல இருந்தது. மேல் ஐந்து மாடியும் வெள்ளை.

மேல் மாடிகள் மிகவும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று அவள் என்னைப் பாராட்டினாள். பிறகு அதே சிரிப்போடு, ஆகவே அங்கே ஒரு ஆள் தேவைப்படாது போலிருக்கிறது என்றாள். கீழே வேலை செய்கிறவரே மேலேயும் பார்த்துக்கொள்ளலாம். முடிவு இன்னும் ஆகவில்லை. நான்கு கிழமையில் திரும்பி வந்து, அந்த மாதத்துப் பதிவையும் பார்த்துத்தான் எங்களில் யாருடைய பெயரைப் புதிய பட்டியலில் போடுவது என்று சொல்லுவார்கள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். கோலியர்ஸ் வுட்டில் எங்கள் சின்ன வீடு என்னுடைய வேலையில்தான் நின்றது. அவள் சட்டியில் கிளறிக்கொண்டிருந்த அகப்பையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப, நீங்கள் ஒழுங்கா வேலை செய்தபடியால் வேலை போகுதோ?"

"ஓம், அப்பிடித்தான்."

"அண்ணைக்குச் சொன்னீங்களோ?"

அண்ணைக்கு அடுத்த நாள் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் சாய்ந்தார், டொக். இந்தப் பக்கம் சாய்ந்தார், டொக். தேத்தண்ணீர் சிந்தியது. துடைக்கவில்லை.

"உம்மடை வேலையை நீரே அழிச்சுப்போட்டீர் தம்பி. ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி வந்து அழிச்சிருக்கிறீர்."

நான் எழும்பிக் கேத்தலை நிரப்பி வைத்தேன்.

"ஒம்பது மாடியும் எனக்கு வேண்டாம். என்ரை முழங்கால் ஒத்துக்கொள்ளாது," என்றார். பிறகு கையை நீட்டினார். "ஸ்குரூட்ரைவரைத் தாரும்."

கொடுத்தேன். என் இடுப்பிலிருந்த எண்ணெய்க் குப்பியையும் கேட்டார். இரண்டையும் தன் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் வைத்தார். இன்று தொடக்கம் நம்பர் வந்தால் லாச்சி திறக்கும், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று சொன்னார். யாராவது மறித்துக் கேட்டால் சொல்வதற்கு ஒரு ஆங்கில வசனமும் தந்தார். தயவுசெய்து ஹெல்ப் டெஸ்க்குக்கு அழையுங்கள், எனக்கு நம்பர் வேண்டும். அவ்வளவுதான்.

நிலக்கீழ் அறையில் ஒத்திகை நடந்தது. அண்ணை உத்தியோகத்தர். கழுத்தில் ஒரு துண்டை ரை மாதிரிக் கட்டிக்கொண்டு வந்து, இந்தக் கதவு மூடுதில்லை என்று ஆங்கிலத்தில் முறையிடுவார். என் கை தானாக இடுப்புக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. அண்ணை தன் தலையில் கை வைப்பார். ஒன்பதாவது தரம்தான் வசனம் முழுக்க வந்தது. அதையும் கதவைப் பார்த்துச் சொன்னேன்.

முதல் கிழமை பெரும் வேதனை. எட்டாம் மாடிப் பணிப்பாளரின் கதிரை திங்கட்கிழமை ஒரு விரலளவு இறங்கியது. செவ்வாய் இரண்டு விரல். வியாழக்கிழமை நான் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நடந்து போனபோது அவருடைய நாடி மேசை மட்டத்துக்கு வந்திருந்தது. யாரோ மிக முக்கியமானவர்களோடு கூட்டத்தில் இருந்தார். சின்னப் பிள்ளை சாப்பாட்டு மேசையில் இருப்பது போல இருந்தார். வெள்ளிக்கிழமை அவருடைய உதவியாளர் ஹெல்ப் டெஸ்க்குக்கு அழைத்தார். என் கருவி 'ணிங்' என்றது. என் வாழ்க்கையின் முதல் நம்பர். லாச்சி திறந்தது. அண்ணை ஸ்குரூட்ரைவரை இரண்டு கையாலும் எடுத்துத் தந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஆறாம் மாடிக் கதவு கிறீச்சிட்டது, நம்பர். ஒன்பதாம் மாடிக் கைப்பிடி கையோடு வந்தது, நம்பர். பன்னிரண்டு வருடமாக நான் அடக்கி வைத்திருந்த கட்டடம் வாய் திறந்து பேசத் தொடங்கியது போல இருந்தது.

ஏழாம் மாடி யன்னல்தான் பேசவில்லை. யன்னல் பேசியது, அதற்குக் கீழே இருந்த பெண்மணிதான் பேசவில்லை. செருகியிருந்த றப்பர் அந்தக் கிழமை காற்றில் கழன்று கீழே விழுந்துவிட்டது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், செருகவில்லை. யன்னல் நாள் முழுக்க விசிலடித்தது. அந்தப் பெண்மணிக்கு ஓய்வு பெறும் வயது. நத்தார்ப் பண்டிகைக்கு ஒவ்வொரு வருடமும் என் கையில் ஒரு பிஸ்கட் பெட்டியை வைத்துவிட்டு, நான் நன்றி சொல்லுமுன் ஓடிவிடுவார். அவர் ஒருநாள் மெல்லிய குரலில், இந்த யன்னலை என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார்.

நான் வசனத்தைச் சொன்னேன். முழுதாக, அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் என் குரலை அன்றைக்குத்தான் கேட்கிறார். பிறகு, ஹெல்ப் டெஸ்க்கின் தொலைபேசி இலக்கம் என்ன என்று கேட்டார். எனக்கும் தெரியாது. ஏழு மாடி இறங்கிப் போய் அண்ணையிடம் ஒரு கடதாசித் துண்டில் எழுதி வாங்கி, ஏழு மாடி ஏறி வந்து கொடுத்தேன்.

அவர் அழைக்கவில்லை. அந்தத் துண்டை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொலைபேசியை எடுப்பார், வைப்பார். எனக்குத் தெரிந்த நோய் அது. அடுத்த நாள் கழுத்தில் கம்பளிச் சால்வை சுற்றி வந்தார். அதற்கடுத்த நாள் காதையும் சேர்த்துச் சுற்றியிருந்தார். என்னால் பார்க்க முடியவில்லை. மூன்றாம் கிழமை புதன்கிழமை காலை ஆறரைக்கு ஏழாம் மாடிக்குப் போய், றப்பரை விரலால் அமத்திச் செருகிவிட்டு வந்தேன். அதற்கு ஸ்குரூட்ரைவர் தேவையில்லை, லாச்சி திறக்கத் தேவையில்லை. அண்ணைக்குச் சொல்லவில்லை. அண்ணை அன்றைக்கு, ஏழாம் மாடியிலிருந்து இன்னும் அழைப்பு வரேல்லையோ என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் ஏழாம் மாடியைக் கடந்தபோது யன்னல் விசிலடித்துக்கொண்டிருந்தது. முன்பைவிடப் பலமாக. நான் அமத்திச் செருகியது எனக்கு நன்றாக ஞாபகம். கீழே விழுந்திருக்கிறதா என்று தரையில் தேடினேன். இல்லை.

நிலக்கீழ் அறைக்கு வந்தேன். அண்ணை தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு இருந்தார். முழங்காலை இரண்டு கையாலும் உருவிக்கொண்டிருந்தார். லிஃப்டில் ஆள் காணாமல் படியில் ஏறி இறங்கியவருடைய மூச்சு. கோப்பைக்குக் கீழே, தட்டுக்குப் பதிலாக, என்னுடைய றப்பர் துண்டு இருந்தது.

"இது என்ன அண்ணை?"

"எது?"

"இந்த றப்பர்."

"தெரியாது. நம்பர் இருக்கோ?"

அந்த நேரம் என் கருவி 'ணிங்' என்றது. ஏழாம் மாடி, யன்னல். அண்ணை லாச்சியைத் திறந்து, புது றப்பர்ச் சுருள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

நான்காவது கிழமை முடிவில் புதுக் கொம்பனிப் பெண் வந்தாள். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள், அண்ணையை அழைத்துப் போனேன். திரையில் மேல் மாடிகளும் சிவந்திருந்தன. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் ஒன்றுமே இல்லை, ஒரு மாதத்தில் மட்டும் இவ்வளவு பழுது எப்படி வந்தது என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். அண்ணை தந்த வசனம் ஒன்றுதான் மனதில் இருந்தது. அது இந்த இடத்துக்குப் பொருந்தாது. அண்ணையைப் பார்த்தேன். அவர் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நினைத்தேன், இவ்வளவும் செய்தும் கடைசியில் வேலை போகப் போகிறது, அதுவும் களவு செய்தவன் மாதிரிப் போகப் போகிறது.

அவள் சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். ஏழாம் மாடிக்கு வந்ததும் விரல் நின்றது. ஹெல்ப் டெஸ்க்குக்கு அழைத்தவர் சொன்னதை அவர்கள் ஒரு சொல் விடாமல் பதிந்திருந்தார்கள். அதை அவள் வாய்விட்டு வாசித்தாள். யன்னல் விசிலடிக்கிறது. தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும். வழக்கமாக நாங்கள் கேட்பதற்கு முதலே எல்லாவற்றையும் அந்த அமைதியான மனிதர் சரிசெய்து விடுவார். அவருக்கு ஏதும் சுகமில்லையா என்று தெரியவில்லை. முடிந்தால் அவரையே அனுப்பி வையுங்கள்.

அந்த அமைதியான மனிதர் யார் என்று அவள் கேட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை. அதுவே பதிலாகிவிட்டது.

அண்ணை முதன் முதலாக வாய் திறந்தார். எனக்கு மட்டும் கேட்கத் தமிழில் சொன்னார்.

"எழுத்தில வந்திட்டுது."

அவள் அண்ணையின் பக்கம் திரும்பினாள். நம்பர் இல்லாமல் வேலை செய்வது விதிக்கு மாறானது, உங்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டா என்று கேட்டாள். அண்ணையின் பதிவு அவளுக்கு முன்னால் கிடந்தது. அவ்வளவு வருடத்தில் ஒரு சிறு பிசகு கிடையாது. இல்லை என்று சொன்னால் போதும். அண்ணை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். பிறகு செய்தி வாசிக்கிற ஆங்கிலத்தில், ஒரே ஒரு தரம் என்றார்.

எங்கே என்று அவள் கேட்டாள்.

ஏழாம் மாடியில், ஒரு யன்னல், மிகச் சின்ன வேலை என்றார். அவள் சிரித்து, அதை எழுதாமல் விட்டாள்.

வெள்ளையாக இருந்த மாடிகளிலும் ஒரு ஆளின் வேலை இருந்தது என்று பதிந்து, இரண்டு பேருடைய பெயரையும் பட்டியலில் போட்டார்கள். சட்டை இப்போது செங்கபில நிறம். வரவேற்பறையில் மூன்று சட்டங்கள் தொங்குகின்றன.

அண்ணை அதற்குப் பிறகு ஒன்றரை வருடம்தான் இருந்தார். முழங்கால் விடவில்லை. ஓய்வு எடுத்துக்கொண்டு மகள் இருக்கிற ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். போகிற நாளில் கருவியைத் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு நம்பர் வாங்கி, அதை மடித்துப் பணப்பையில் வைத்தார். லாச்சித் திறப்பை எனக்குத் தந்தார். அங்கே இப்போது மகளின் வீட்டில் ஏதாவது பழுதானால், மருமகன் ஒரு துண்டில் நம்பர் எழுதிக் கதவில் ஒட்டி வைக்கிறாராம். மகள் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள்.

அவர் போன கிழமை நான் அவருடைய கதிரையில் இருந்தேன். டொக். தேத்தண்ணீர் சிந்தியது. தொலைபேசியை எடுத்து ஹெல்ப் டெஸ்க்குக்கு நானே அழைத்தேன். கட்டடத்தைச் சொன்னேன். நிலக்கீழ் மாடி என்றேன். கதிரை ஆடுகிறது, ஆள் விழக்கூடும் என்று அண்ணை சொல்லித்தந்த சொல்லையும் போட்டேன். அந்தப் பெண் நெடுநேரம் தேடினாள். அப்படி ஒரு அறை தங்கள் பட்டியலில் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னாள். நன்றி சொல்லி வைத்தேன்.

பிறகு லாச்சியைத் திறந்தேன். ஸ்குரூட்ரைவர் மேலேயே கிடந்தது. அதை எடுக்கவில்லை. அதற்குக் கீழே, ஒரு பழைய வேலைத் தாளில் சுற்றி, ஏழாம் மாடி றப்பர் துண்டு இருந்தது. இரண்டாக மடித்துக் கதிரையின் கட்டைக் காலுக்குக் கீழே வைத்து, இருந்து பார்த்தேன். ஆடவில்லை.

ஆணி அடிக்கவில்லை. திருத்தவும் இல்லை. றப்பர் பிடித்துக்கொண்டு மட்டும் நிற்கிறது. பிடிக்கிறது வேலை இல்லை என்று அண்ணையே சொல்லியிருக்கிறார்.